ஆறாவது மாடிக்காரன் பாலைவனம் போன கதை

என் வீடு ரங்கூன் டவுனில், ஆறாவது மாடியில். லிஃப்ட் இல்லை. கட்டியவர் அதற்கென்று ஓர் இடம் விட்டிருந்தாராம். அந்த இடத்தில் இப்போது வெற்றிலைக் கடை இருக்கிறது, நன்றாகவும் நடக்கிறது. படிகளைப் பார்த்தால் ஏணிக்குத் தம்பி என்று சொல்லலாம். முதல்முறை வருகிற விருந்தாளிகள் வாசலில் நின்றதும் சலாம் சொல்வதில்லை, தண்ணீர் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் இன்னும் புத்திசாலிகள். எங்கள் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். பத்திரிகையை அதில் மாட்டிவிட்டு, கயிற்றை ஓர் இழு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே மணி அடிக்கும், கல்யாணம் தானாக மேலே ஏறி வரும்.

நான் அந்தப் படிகளை ஏறுகிறவன் இல்லை. பேசிக்கொண்டே போவேன், பேச்சு முடியும்போது வீடு வந்துவிடும். முதல் மாடியில் சீனத் தையற்காரர். என் வயிற்றின் அளவை டேப் இல்லாமலே சொல்லி மானத்தை வாங்குவார். மூன்றாம் மாடியில் ரிட்டயர் ஆன பர்மாக்கார டீச்சரம்மா. அவர் வீட்டு வாசலில் ஒரு முக்காலி உண்டு. அது எனக்காகப் போட்டது என்று நானும், செருப்பு மாட்ட உட்கார்வதற்காகப் போட்டது என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாலாம் மாடியில் ஒரு ரக்கைன் இனத்துக் குடும்பம், அவர்களுக்கு ஒரு நாய். நாய்க்கு என்னைப் பிடிக்காது. எனக்கும்தான். ஆனாலும் தினமும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம்.

போன மழைக்காலத்தில் இந்த நாலாம் மாடியில்தான் என் பேச்சு பாதியில் நின்றுபோனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாய்க்குப் பக்கத்திலேயே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்பிரிங் மாதிரி ஒன்றை வைத்தார்கள். டாக்டர், "நடங்க, நல்லது. வீம்பு மட்டும் வேண்டாம்" என்றார். நடப்பதற்கு மாத்திரை தேவையில்லை. வீம்புக்கு இருந்தால் எழுதியிருப்பார்.

எனக்கு ஒரே மகள். மிங்கலாடோனில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் தனி வீடு, படியே இல்லாத வீடு, வாசலில் மாமரம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி ஆரம்பித்த பேச்சை அவள் விடவேயில்லை.

"வாப்பா, டவுன் வீட்டை வித்துடலாம். கடையையும் ஏறக்கட்டுங்க. நீங்களும் உம்மாவும் எங்கூட வந்துடுங்க."

நான் குடை வியாபாரி. எங்கள் தெருமுனையில் கடை. மழையை நம்பிப் பிழைக்கிறவனைப் போய் ஏரோப்ளேனுக்குக் கீழே படுத்து ஓய்வெடு என்றால் எப்படி? அதுவும் அந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க ஒரு சுவர், ஒரு கேட், ஒரு காவலாளி என்று மூன்று பேரைத் தாண்ட வேண்டும்.

"ஆறு மாடி என்ன பெரிய ஆறு மாடி? மலை ஏறச் சொல்லு, ஏறிக் காட்டுறேன்" என்றேன். கோபத்தில் சொல்வதை எல்லாம் மகள்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுவாரமே வந்து நின்றாள். அவள் ஆபீஸ் பிள்ளைகள் பகான் பக்கம் போகிறார்களாம். அங்கிருந்து வறண்ட நாட்டுக்குள் ஒரு பள்ளத்தாக்குப் பார்க், கைடு வைத்து ஒரு நாள் நடை.

"கடைசி வரைக்கும் நடந்துட்டீங்கன்னா இனிமே வீட்டுப் பேச்சை எடுக்கவே மாட்டேன். நடுவுல உக்காந்துட்டீங்கன்னா மிங்கலாடோன்."

பந்தயம் நமக்கு ஹராம். அதனால் நான் அதை ஒப்பந்தம் என்று பெயர் வைத்து ஒத்துக்கொண்டேன். சாட்சி என் மனைவி.

"நான் யாரு கட்சியுமில்ல" என்றாள் அவள். வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் வெயில்ல கிடந்து காஞ்சுட்டு வாங்க. ரெண்டு நாளைக்காவது வீடு அமைதியா இருக்கும்."

அது ரோட்டில் நிம்மதியாகப் போய்வர முடிந்த வருஷம். பஸ்ஸில் போனோம். கைலி கூடாது என்று சொல்லியிருந்தார்கள், மருமகன் தன்னுடைய கால்சட்டை ஒன்றைக் கொடுத்தார். அதில் தொடையில் பை, முழங்காலில் பை, பைக்குள் பை. மாத்திரையை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடித் தேடியே பாதி உடற்பயிற்சி முடிந்துவிட்டது. கையில் கடைச்சரக்கில் ஒரு பெரிய கறுப்புக் குடை.

பாலைவனம் என்றதும் அரபு நாட்டை நினைக்க வேண்டாம். ஒட்டகம் இல்லை. முள்மரம், கள்ளி, எங்கோ ஒரு பனை. ஆனால் நிலம் அங்கே திடீரென்று பிளந்துகொண்டு கீழே போகிறது. மழையும் காற்றும் அரித்து அரித்து, சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு பக்கமும் சுவர். யாரோ பெருநாளைக்கு நிறம் நிறமாகத் தொதல் கிண்டி அடுக்கி, ஆள் உயரக் கத்தியால் வெட்டிவைத்துவிட்டுச் சாப்பிட மறந்துபோன மாதிரி. அடியில் வறண்ட ஓடை, மணல். அந்த ஓடை வழியாகவே நாள் முழுக்க நடந்தால், கடைசியில் சுவர் நெருங்கி ஒரு சந்தாகிறது. அங்கே இரும்பு ஏணிகள். அவற்றில் ஏறினால் மேட்டில் பஸ் நிற்கும். அந்த மேடுதான் என் ஆறாவது மாடி.

கைடு அந்த ஊர்ப் பெண். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, தலையில் ஓலைத்தொப்பி, இடுப்பில் வாக்கிடாக்கி. என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு குடையைப் பார்த்தாள்.

"ஊலே, மழை வருமா?" என்றாள் பர்மா பாஷையில். ஊலே என்றால் மாமா, பெரியவர்.

"வராது. வந்தா உனக்குப் பாதி விலை."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடையை வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். ஏணிக்கு இரண்டு கையும் வேண்டுமாம். பிறகு சட்டங்களைச் சொன்னாள். மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் தாண்டக் கூடாது. அப்போதுதான் கூட்டம் பிரியாது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மகள் வயசுப் பிள்ளைகள், மானைப் போல் நிற்கிறார்கள். நான் பின்னால் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அப்படித்தான் நான் தளபதியானேன்.

இரண்டாவது சட்டம்தான் விஷம். "நடக்கும்போது பேச்சு வேண்டாம். வாயைத் திறந்தா தொண்டை காயும், தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. மூக்கால மூச்சு விடுங்க."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எதிர்ப்புத் தெரிவிக்க வாயைத் திறந்தேன். கைடு விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. தளபதி நடக்கிறார், படை பின்னால் வருகிறது. ரங்கூனில் அமைதி என்பது கரண்டு போனால்தான் வரும், உடனே ஜெனரேட்டர்கள் அதைத் தின்றுவிடும். இங்கே அமைதிக்கு எதிரியே இல்லை. என் செருப்பு, மன்னிக்கவும், ஷூ மணலில் நசுங்குகிற சத்தம், அப்புறம் என் காதுக்குள் என் ரத்தம். வெயில் ஏற ஏறச் சுவர்கள் சூட்டைப் பிடித்து எங்கள்மேல் ஊற்றின. நிற்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படி நிற்பது? வீட்டில் நான் நிற்பதே இல்லையே. நான் பேசுவேன். பேசும்போது கால் தானாக நின்றுகொள்ளும், மூச்சு தானாகத் திரும்பி வரும், எதிரே இருப்பவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. இங்கே நின்றால் வெறுமனே நிற்பதுதான். முதுகுக்குப் பின்னால் அத்தனை இளங்கால்கள் மணலை மிதித்துக்கொண்டு காத்திருக்கும். அதில் ஒரு ஜோடி என் மகளுடையது.

ஒரு வளைவில் பாறைமேல் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது. நின்று, "என்ன தம்பி, சௌக்கியமா?" என்றேன் மெதுவாக.

"ஊலே!" என்றாள் கைடு.

ஓணானும் கோபித்துக்கொண்டு போய்விட்டது. நாலாம் மாடி நாயே மேல்.

மதியம் ஒரு குகைநிழலில் உட்கார வைத்தாள். லுஹர் தொழுகை நேரம். தண்ணீர் குடிப்பதற்கே அளவாக இருந்ததால் தொழுகைக்குமுன் கைகால் கழுவி உளூச் செய்ய வழியில்லை. சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொள்ளும் தயம்மும் பற்றிச் சின்ன வயதில் மத்ரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அரை வருஷம் மழை ஊற்றுகிற ஊரில், குடைக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது என்றைக்காவது தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை. இன்றைக்குத் தேவைப்பட்டது. தூசியைத் தட்டி முகத்தில் தடவியபோது, உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அதில் பாதி தூசி.

பயணிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். மகள் ஒரு பக்கம் சுருக்கித் தொழுது முடித்துவிட்டு உட்கார்ந்தாள். நான் நான்கும் தொழுதேன். பிறகு முன் சுன்னத், பின் சுன்னத் என்று கூடுதல் தொழுகையெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஸஜ்தாவில் நெற்றியைக் குளிர்ந்த மணலில் வைத்தால் எடுக்க மனம் வரவில்லை. அல்லாஹ்வுக்கு எல்லாம் தெரியும், இதுவும் தெரிந்திருக்கும். கைடுக்குத் தெரியவில்லை. "எவ்வளவு பக்தியான மனுஷர்" என்று பிள்ளைகளிடம் கிசுகிசுத்தாள். ஸஜ்தாவிலேயே எனக்குக் காது சுட்டது.

ஸலாம் கொடுத்துத் திரும்பினால் மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள்.

"வாப்பா, பயணத்துல சுருக்கிக்கலாமே."

"சலுகையெல்லாம் எனக்கு வேணாம்."

"ரமலான்லகூட இவ்வளவு தொழுது நான் பார்த்ததில்லையே."

"வீட்ல உங்க உம்மா சோறு வச்சுட்டுக் கூப்பிடுவா. இங்க யாரு கூப்பிடுறா?"

அவள் கண் மட்டும் சிரித்தது. நான் எழுந்து மறுபடி படைக்கு முன்னால் நின்றேன்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. கால்கள் இருந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சில் வலி இல்லை, அதை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சந்து நெருங்க நெருங்க வானம் ஒரு நாடா அளவுக்குக் குறுகியது. பிறகு அந்த இரும்பு ஏணி வந்தது. அதன் மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. உச்சியில் பஸ் டிரைவரின் தலை தெரிந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவ்வளவு பக்கம்.

கம்பியைப் பிடித்தேன். சூடு. ஒரு காலை வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. நான் கூப்பிட்டேன், அது வரவில்லை.

கைடு பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஊலே, போதும். பக்கத்து ஓடை வழியா மாட்டுவண்டி வரும். முடியாதவங்களை அதுலதான் கூட்டிட்டுப் போவோம்."

"நான் முடியாதவன் இல்லை."

"சரி ஊலே, முடிஞ்சவங்களும் அதுல வரலாம்." வாக்கிடாக்கியில் வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏணியில் அனுப்ப ஆரம்பித்தாள். அவர்கள் என்னைத் தாண்டும்போது மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். அதைவிடச் சிரித்திருக்கலாம்.

மணலில் உட்கார்ந்தேன். நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஒப்பந்தப்படி மிங்கலாடோன்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஜெயித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

"வாப்பா..."

"பந்தயம் ஹராம்" என்றேன். "செல்லாது."

"அது பந்தயமில்ல, ஒப்பந்தம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப?"

"தோத்துட்டேன். ஒத்துக்கிறேன். ஆனா வரமாட்டேன்."

அவளுக்குக் கோபம் முற்றினால் தமிழ் நின்றுபோகும், பர்மா பாஷை ஓட ஆரம்பிக்கும். அந்தச் சந்தில் அது இரண்டு சுவரிலும் மோதி என்மேல் இரண்டு தடவை விழுந்தது. வாக்கு மாறுகிறவர், பிடிவாதக்காரர், குழந்தையைவிட மோசம். எல்லாம் உண்மை. கைடு ஏணியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு எல்லாம் புரிந்தது.

மகள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன். "இங்க நடக்கிறதுக்கும் அங்க ஏறறதுக்கும் என்ன சம்பந்தம்? இங்க பேச ஒரு ஆள் உண்டா? உட்கார ஒரு முக்காலி உண்டா? ஒரு நாய் உண்டா? வளைவுக்கு வளைவு ஒரு டீச்சரம்மாவை நிறுத்து, நான் இந்நேரம் சீனா போய்ச் சேர்ந்திருப்பேன்."

"விளையாடாதீங்க. மறுபடி விழுந்தா?"

"விழுந்தா தூக்குவாங்க."

"யாரு தூக்குவாங்க?"

"போன தடவை யாரு தூக்கினது?"

அவளுக்குத் தெரியும். ரக்கைன்காரர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். மேலேயிருந்து ஒருவர், கீழேயிருந்து ஒருவர், அளவெடுக்கிற தையற்காரரும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். டீச்சரம்மா முன்னால் இறங்கி, வழியில் கிடந்த செருப்பு, வாளி எல்லாவற்றையும் காலால் தள்ளிக்கொண்டே போனார். கல்யாண மாப்பிள்ளையை இறக்குவது மாதிரி அந்த ஏணிப்படியில் என்னை உட்கார வைத்தபடியே இறக்கி டாக்ஸியில் ஏற்றினார்கள். எனக்கு நினைவு இருந்தது. அந்த நேரத்திலும், "பார்த்து, பார்த்து" என்று நான்தான் அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

"உங்க வீட்டு மாமரத்தடியில விழுந்தா அந்தக் காவலாளி முதல்ல கேட்டைத் திறக்கலாமான்னு யாரையாவது போன் பண்ணிக் கேப்பான்."

இதற்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கீழே விட்டாள்.

"அவங்கள்லாம் இருந்தாங்க வாப்பா" என்றாள் தமிழில். "நான் இல்லியே. உம்மா போன் பண்ணினப்ப நான் ரோட்டுல கார்ல உக்காந்திருக்கேன். முன்னால வண்டி நகரல. இறங்கி ஓடலாமான்னு கதவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு உங்களை உள்ள கொண்டுபோயிட்டாங்க. முகத்தைக்கூடப் பார்க்கல."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு ஜோக் கைவசம் இருக்கும். மருமகன் கால்சட்டைப் பைகள் எல்லாவற்றிலும் தேடியிருந்தாலும் அப்போது ஒன்றும் கிடைத்திருக்காது.

அவள் முதுகில் கையை வைத்தேன். என் வீம்பு எங்கிருந்து வந்ததோ அங்கேயிருந்துதான் அவளுடையதும். அவள் என்னைத் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளப் பார்த்தது என் நெஞ்சுக்காக மட்டும் இல்லை. அந்தக் கார்க் கதவைத் திறந்து மூடின கைக்காகவும்தான். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் மனசு மாறவில்லை.

"சரி" என்றேன். "நீ பயப்படுறது நியாயம். நான் வரமாட்டேங்கிறதும் நியாயம். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். உனக்காக நான் மருந்து சாப்பிடுறேன், உப்பைக் குறைக்கிறேன், தினமும் வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் போடுறேன். ஆனா மூச்சு இருக்கிற வரைக்கும் அந்தப் படியிலதான் மூச்சு வாங்குவேன். உன் வீட்டு வாசல்ல உட்கார்ந்து வாங்கமாட்டேன். அங்க அதை வாங்கி நான் என்ன செய்யப் போறேன்?"

"இது மிரட்டலா?"

"முடிவு."

"தோத்தவங்க முடிவு எடுக்கிறதை இப்பதான் பார்க்குறேன்."

"பார்த்துக்க. இந்த வயசுல எல்லா முடிவும் அப்படித்தான்."

அப்போதுதான் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விருப்பமில்லாமல், உம்மா மாதிரியே.

மாட்டுவண்டி வந்தது. முடியாதவர்களுக்கான வண்டியில் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். அவள் ஏணியில் போயிருக்கலாம், போகவில்லை. எனக்கு எதிரே வைக்கோல்மேல் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து ஓடை வழியாக வண்டி சுற்றிச் சுற்றி மேடேறியது. பேசக் கூடாது என்ற சட்டம் வண்டிக்குப் பொருந்தாது என்று கைடு சொல்லிவிட்டாள். நான் வண்டிக்காரனிடம் அவன் மாடுகள், அவன் மாமியார், அவன் ஊர்க் கிணறு எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே வந்தேன். மேடு வந்ததே தெரியவில்லை. மகளை ஜாடையாகப் பார்த்தேன். "பார்த்தேன், பார்த்தேன்" என்றாள்.

பஸ்ஸடியில் பிள்ளைகள் இளநீர் வெட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் மகள் ஆபீஸில் வேலை செய்கிறாளோ இல்லையோ, பேசுகிறாள். அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான். ஒரு பையன் தைரியமாகக் கேட்டுவிட்டான்.

"அக்கா, யாரு ஜெயிச்சது?"

"அவர் தோத்துட்டார்" என்றாள் மகள். வண்டியிலிருந்து இறங்க எனக்குக் கை கொடுத்தாள். "வீட்டை விக்கல."

பையனுக்குப் புரியவில்லை. இளநீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்த வருஷம் விக்கல" என்று அவசரமாகத் திருத்தினாள் அவள், என் முகத்தில் பரவிய சிரிப்பைப் பார்த்துவிட்டு.

"அடுத்த வருஷமும்தான்" என்றேன்.